நாற்பத்தொன்று புள்ளி மூன்று

வண்ணார்பேட்டையில், டயர் கடைக்கு மேல் மாடியில்
எனக்கு ஒரு கடல் இருக்கிறது.
இரண்டு திரை அகலம்.
உப்பு வாடை கிடையாது,
கீழிருந்து ஏறிவரும் ரப்பர் நாற்றம்தான்.

இரவு பத்துக்கு உட்காருவேன்.
வளைகுடாவில் யாரோ இறக்கிய எந்திரம்
குழாயின் முதுகில் விளக்கைப் பிடித்தபடி
ஊர்ந்துபோன படத்தை
மீட்டர் மீட்டராய்ப் பார்க்க வேண்டும்.
எண்பது கிலோமீட்டர். உள்ளே எரிவாயு.
பார்க்கிறவள் கண்ணயர்ந்த இடத்தில்தான்
குழாய் வெடிக்கும் என்பார் பூலுடையார்.
சொல்லிவிட்டு மேசையில் தலைசாய்த்துத் தூங்குவார்.

கண்டால் எழுது. அவ்வளவுதான் வேலை.
துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருக்கிறது. எழுது.
துரு குழாயைத் தின்றுவிடாமல் இருக்க
அதன் வாய்க்கு முன்னால் வைத்த இரை அது.
மின்னழுத்தம் மைனஸ் தொள்ளாயிரத்து நாற்பது. எழுது.
எங்கள் வீட்டுக் கணக்கில் இல்லாத அதிசயம்,
இங்கே மைனஸ் என்றால் நலம்.

ஓரிடத்தில் அடிமணல் பறிந்து
பன்னிரண்டு மீட்டர் குழாய் அந்தரத்தில் நிற்கிறது.
படிவத்தில் அதற்கு ஒரு பெயர், ஒரு எண்.
உவரியில் அப்பா என்றால் ஒரே சொல்லில் முடித்திருப்பார்:
நீவாடு.
அந்தப் பள்ளத்தில் ஒரு கலவா குடியிருக்கிறது.
விளக்கு பட்டதும்
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி உள்ளே போய்விட்டது.
அதை எழுத இடமில்லை.

மூன்று இருபதுக்கு மின்சாரம் போய் ஜெனரேட்டர் வந்தது.
நாற்பத்தொன்று புள்ளி மூன்றாவது கிலோமீட்டரில்
குழாயை ஒரு வலை சுற்றிக் கிடந்தது.

பச்சை வலை. உலகத்தில் பாதி வலை பச்சைதான்.
கிழிந்த இடத்தை ஆரஞ்சு நூலால் பொத்தியிருந்தார்கள்.
ஒன்பது விநாடி.
பின்னால் ஓட்டினேன். நிறுத்தினேன். பெரிதாக்கினேன்.
முடிச்சு ஒவ்வொன்றும்
பக்கம் மாறிச் சாய்ந்திருந்தது.

தொபியாஸ் இடக்கைக்காரன்.
அவன் பொத்திய வலையை எங்கள் கரையில்
இருட்டில் தடவியே சொல்லிவிடுவார்கள்.
இரண்டு வருடமாகப் பஹ்ரைனில், அரபி ஒருவரின் படகில்.
மீனில் பங்கு, வலைக்குப் பொறுப்பு.
வலை போனால் சம்பளத்தில் போகும்.
குழாய்க்கு இருபுறமும் ஐந்நூறு மீட்டர் ஆகாது,
பிடிபட்டால் படகு போகும், பாஸ்போர்ட் போகும்.

கடலில் அவன் ஒருத்தனுக்கா இடது கை?
கொல்லத்துக்காரன், வங்காளி, ஈரானி
எவனாவது இருக்கலாம்.

குழாயின் தோலைப் பார்த்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
வலையோடு வந்த சங்கிலி உரசி
கான்கிரீட் உறையில் ஒரு முழத்துக்குக் கீறல்.
கம்பி தெரிகிறது.
தெரியவில்லை என்று எழுத
விரல் ஒருமுறை நினைத்தது.
கம்பிக்கு உள்ளே இரும்பு. இரும்புக்கு உள்ளே
பூலுடையார் தூக்கத்திலும் பயப்படுகிற அழுத்தம்.
அதற்கு நேர் மேலேதான்
தொபியாஸின் படகும் மிதக்கிறது.

எழுதினேன்.
மீன்வலை, ஆறு மீட்டர், உரியவர் தெரியவில்லை.
உறைச் சேதம், கம்பி வெளியே. அவசரம்.
முக்குளிப்பவர் இறங்கி வெட்டி எடுக்கவும்.
முடிச்சுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

விடிந்து, உவரி பஸ்ஸுக்கு நிற்கையில் கூப்பிட்டேன்.
"வலை ஏதும் போச்சாலே?"
ஒரு அலை வந்து திரும்பும் நேரம் பேசாமல் இருந்தான்.
"ஒனக்கு யாருக்கா சொன்னா?"
"சும்மாதான் கேட்டேன்."
"நீ ராத்திரி பாக்கியே, அந்த டிவி வேல,
அதுல என்னத்தக் காட்டுவான்?"
"குழாய்."
"குழாய் மட்டுமா?"

பஸ் வந்துவிட்டது. திசையன்விளை வழி.
சில்லறை இல்லையா என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.
பாதிக் குழாய்
இன்னும் பார்க்காமல் கிடக்கிறது.