இரண்டு வரி, வரிக்கு இருபது எழுத்து

கும்பகோணத்தில் ஏறியதிலிருந்து
மடியில்தான் வைத்திருந்தேன் பெட்டியை.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.
குத்தாலம் கடைத்தெருவில் இறங்கும்போது
வலது தொடை மரத்துப்போயிருந்தது,
ஐப்பசித் தூறல் வேறு.

தையல்நாயகி மாட்டுத்தீவனக் கடை.
எள்ளுப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை,
உளுந்தம்பொட்டு, கோதுமைத் தவிடு
கூரைவரை மூட்டை.
ஆள் நிற்க விட்ட இடத்தில்
பில் மெஷினை நிறுத்தினேன்.
"காத்தாடி எங்க இருக்கு இதுல?"
இல்லைக்கா, இது காத்தாடி இல்லாத ரகம்.
முதுகில் வரிவரியாய் அலுமினியம்,
சூடு அதன் வழியே கசிந்து போய்விடும்.
காத்தாடி இருந்தால் உங்கள் தவிட்டை இழுத்து இழுத்தே
மூன்று மாதத்தில் மூச்சு முட்டிப்போகும்.
"திங்காத ஜீவன்னா சரி" என்று
மேசையை நகர்த்திக் கொடுத்தார்.

அடியில் கேபிள் துளைகள்.
எடைத்தராசுக்குப் பழைய ஒன்பது முள்.
பிரிண்டருக்கு ஒன்று.
பார்கோடு துப்பாக்கிக்கு ஒன்று;
இந்தக் கடையில் எதன்மேலும் பார்கோடு கிடையாது,
பெட்டியோடு வந்ததால் மாட்டினேன்.
கல்லாவின் வயர் மட்டும் மெஷினுக்குப் போகாது,
பிரிண்டரின் பின்னால் போகும்.
பில் அடித்தால்தான் கல்லா திறக்கும்.
"நேரா கேட்டா தராது. ஆள் வெச்சுக் கேக்கணும்.
சொசைட்டி மாதிரி."

திரையின் மூலைகளில் கூட்டல் குறிகள் வரும்.
ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்து விடுங்கள்.
நான் தொட்டால் என் விரலுக்குப் பழகிவிடும்.
அவர் விரலில் புண்ணாக்கு எண்ணெய்,
அதன்மேல் தவிடு.
செல்போன் கண்ணாடி இந்த விரலை மதிக்காது.
இது அழுத்தம் அறிகிற திரை,
நகமோ பேனா மூடியோ எது பட்டாலும் கேட்கும்.
சாக்குத் தைக்கும் கோணூசியை எடுத்தார்.
அது மட்டும் வேண்டாம் என்றேன்.

முதல் பில். பருத்திக்கொட்டை பத்து கிலோ.
கல்லா 'டங்'கென்று அவர் வயிற்றில் இடித்தது.
தாளில் தேதி: 1-1-2009.

பழைய மெஷின்தான், புதுச் சட்டை போட்டது.
சொல்லாதே என்றிருந்தார் என் முதலாளி.
உள்ளே பொத்தான் பேட்டரி செத்திருக்கிறது,
கரண்ட் போனால் காலத்தை மறந்துவிடும் என்று
சொல்ல வேண்டியதாயிற்று.

தையல்நாயகி தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
"இந்தத் தேதியில
கோமல் வேணு எனக்கு ஒத்தப் பைசா தரவேண்டாம்.
மாதிரிமங்கலத்துக்காரங்க ரெண்டு பேருந் தரவேண்டாம்.
நானும் லாரிக்காரனுக்குத் தரவேண்டாம்.
இவங்ககூட..."
அதற்குமேல் பேசாமல்
தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.
ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எதிரே வாட்ச் கடையில் பேட்டரி நாற்பது ரூபாய்.
எட்டு திருகாணி கழற்றி, எட்டும் மாட்டி
இன்றைய தேதியை ஏற்றினேன்.
பாக்கிகளும் திரும்பி வந்தன.
நோட்டைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல
பெயர் கேட்கும் கட்டத்தில் அடித்தேன்:
ஒத்தக்கொம்புப் பசு.
வாய்க்கா தாண்டி வீடு.
சிரிச்சிக்கிட்டே போறவர்.
நூற்றுப் பதினேழு பேர்,
எட்டு பேருக்குத்தான் உண்மையில் பெயர் இருந்தது.

கடைசியாகக் கம்பத்தின்மேல் குட்டித் திரை,
வாங்க வருகிறவரைப் பார்த்து நிற்பது.
இரண்டு வரி, வரிக்கு இருபது எழுத்து, பச்சை வெளிச்சம்.
'வாங்க வணக்கம்' என்று கொடுத்தேன்.
அதற்குத் தமிழ் தெரியாது.

????? ???????

இங்கிலீஷில் மாற்றிவிடலாம் என்று குனிந்தபோது
சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் வந்தார்,
சிரித்தபடி.
"என்னக்கா, என்னமோ கேக்குது இது?"
தையல்நாயகி மூட்டையிலிருந்து கையெடுக்காமல்
"எப்பத் தருவேன்னு கேக்குது" என்றார்.

அந்த ஆள் திரையை இன்னொரு தரம் பார்த்தார்.
சட்டைப்பையில் தேடி
நனைந்த இருநூறை எடுத்து நீட்டினார்.

"அத மாத்தாத தம்பி."

கல்லா திறக்கவில்லை.
பாக்கி வரவுக்கு நான் இன்னும் பொத்தான் வைக்கவில்லை.
இருநூறையும் இடுப்பில் செருகிக்கொண்டு
தவிடு அளக்கப் போனார்.