சங்கிலிமுத்து

குழாயின் மேல் ஒட்டிய தாளில் பெயர்:
சங்கிலிமுத்து அனாக் லெலாக்கி ரெங்கையா.
வயது நாற்பத்தாறு. எஸ்டேட் முகவரி.
முதுகுத்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீர்
தெளிவாய் இருந்திருக்க வேண்டும்.
அரிசி களைந்த கழுநீராய் வந்திருந்தது.

சாயமேற்றிய கண்ணாடியை
லென்சுக்கடியில் நகர்த்தினேன்.
ஊதா நிறத்தில்
முத்து முத்தாய், கோத்த சங்கிலியாய்.
சிரிப்பு வந்துவிட்டது.
பெற்றவர்கள் வைத்த பெயரைக்
கிருமி அப்படியே எழுதிக் காட்டுகிறதே என்று.
பிறகு, சிரித்ததற்காகவோ என்னவோ,
இன்னொரு தரம் கை கழுவினேன்.

மறுநாள்
ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் கசகசா அளவில் புள்ளிகள்,
ஒவ்வொன்றைச் சுற்றியும் பாசிப்பச்சை வட்டம்.
பன்றிவழி வருவது என்றது இயந்திரம்.
நோராய்னி ஒன்றும் கேட்கவில்லை.
தட்டின் விளிம்பை டேப்பால் ஒட்டி
தேதி எழுதி வைத்துவிட்டு
தே ஓ குடிக்கப் போகலாமா என்றாள்.

அதற்குள் நிபோங் திபால் கோப்பிக்கடையில்
தீர்ப்பே ஆகிவிட்டது:
செம்பனைக்குள் கண்ணி வைத்தான்,
காட்டுப்பன்றி விழுந்தது,
முள் கிழித்த கையோடு அறுத்தான்.
பதினோரு வீட்டுக்குப் பங்கு போயிருந்தது.
மற்ற பத்து வீடும் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு
நன்றாகத்தான் இருந்தது.
ஆபீஸ் பலகையில் மூன்று மொழியில்
கண்ணிக்குத் தடை.

பதினெட்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தார்.
காய்ச்சல் இல்லை. கழுத்து வளைந்தது.
"ஏன் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறீங்க?"
வார்டே திரும்பிப் பார்த்ததாம்.

ஐந்து மாதம் கழித்துக்
கோலாலம்பூரிலிருந்து தாள் வந்தது.
நாலெழுத்துப் படித்தவள் என்று
எங்கள் லயத்தில் என்னைச் சொல்வார்கள்.
கிருமிக்கும் நாலே எழுத்துதான்.
ஓர் எழுத்து பிசகினால் வேறு எண்.
ஏழு மரபணுக்களை வாசித்துவிட்டு
நூற்று நான்கு என்று போட்டிருந்தார்கள்.
கண்ணியில் செத்த பன்றிகளின் தொண்டையிலும்
இதே கிருமிதான், ஆனால் வேறு எண்கள்;
மூளைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவை.
நூற்று நான்கு இருந்தது
ஆற்றுக்கு அப்பால்,
தகரக் கூரைப் பண்ணைகளில்.

டாக்டர் லிம்முக்குத் தமிழ் எழுத வராது.
என்னைக் கூப்பிட்டார்.
எழுதிக் கொடுத்தேன்: காட்டுப்பன்றி இல்லை.
பண்ணைப் பன்றி. அந்தப் பக்கம் போனதுண்டா?

அவர் வாசித்தார்.
மனைவி கோமளவல்லி எட்டிப் பார்க்கும் முன்
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
"பண்ணையா? சனி ராத்திரியானா
மில்லுல ஜாகா வேலை இவருக்கு" என்றாள் அவள்.
அவருக்கு அது கேட்கவில்லை.
என் பக்கம் சாய்ந்து,
கையால் வாயை மறைத்து,
ரகசியமாகச் சொன்னார்.
ரகசியத்துக்கு எவ்வளவு சத்தம் வேண்டும் என்பது
மறந்து போயிருந்தது அவருக்கு.

"லாரியில பன்னி ஏத்துற வேலைம்மா.
மோட்டார் கடன். அவகிட்டச் சொல்லிடாதீங்க."

மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள்.
ஒரு குழந்தை அழுகையை நிறுத்தியது.
கோமளவல்லி என் பேனாவை வாங்கினாள்.
அவர் பையிலிருந்து தாளை உருவி, விரித்து,
என் எழுத்துக்குக் கீழே எழுதினாள்:
ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

"நாப்பது வெள்ளி!"

அவள் தலையாட்டினாள்.
மனதுக்குள் ஏதோ பெருக்கிப் பார்ப்பது போலிருந்தது.
எந்தப் பக்கம் கழித்தாள் என்று தெரியாது.
போகும்போது என்னிடம் கேட்டாள்,
அந்த எண் என்ன சொன்னீங்க?

ஞாயிற்றுக்கிழமை
நாலு நம்பர் கடையில் பார்த்தேன்.
முன்னால் ஒரு சுழி சேர்த்திருந்தாள்.
சுழி, ஒன்று, சுழி, நான்கு.
பெரிசில் இரண்டு வெள்ளி.

மறுநாள் பேப்பரில் தேடினேன்.
ஆறுதல் பரிசில்கூட இல்லை.