முந்நூறு வட்டங்கள்

பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் இல்லாத ஞாயிறு.
முழங்கால் நெஞ்சில் முட்டும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து
கறுப்புத் திரையைப் பார்க்கிறேன்.
வெள்ளை வட்டம் வந்தால் அழுத்துங்கள்,
பெருக்கல் குறி வந்தால் சும்மா இருங்கள்,
முந்நூறு தரம், அவ்வளவுதான் என்றார்
பேராதனையிலிருந்து வந்த நிலூகா மிஸ்
சொல்லை எண்ணி எண்ணிப் பேசும் தமிழில்.
அதற்கு முன்பே எங்கள் எச்சிலை வாங்கிக் குப்பியில் மூடிவிட்டார்.

வட்டம். அழுத்தினேன்.
வட்டம். அழுத்தினேன்.
வட்டம்.
தகரத்தில் தூறல் விழுகிறது
ஓட்டோவுக்கு இந்த மாதத் தவணை இன்னும்
குறி. நல்லவேளை.
வட்டம்.
வட்டம்
எப்போது வந்தது இது?

பக்கத்து அறையில் தவமலர்.
ஒரே கரு இரண்டாகப் பிரிந்தவர்கள் நாங்கள்.
ஒருத்தியையே இரண்டு தரம் குளிப்பாட்டி
மற்றவளை அழுக்கோடு தூங்க வைத்ததாக அம்மா சொல்வாள்.
இப்போது அடையாளம் சுலபம்.
அவளுக்கு வலது கையில் இரண்டு விரல் குட்டை.

ஸ்டோரின் விபத்துப் புத்தகத்தில்
அந்த இரவுக்கு நேரே ஒரே சொல்:
கவனக்குறைவு.
லிந்துலைப் பொலிசில், நான் பால் பவுசரை உரசிய
காலைக்கு நேரே அதே சொல், சிங்களத்தில்.
இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்,
அவள் இடது கையால்.

மாசி பிறந்து மிஸ் தாள்களோடு வந்தார்.
நீங்கள் மந்தம் இல்லை என்றார்.
சராசரி முந்நூற்றுப் பத்து மில்லி செக்கன்,
வேகமான ஆட்கள்தான்.
சிக்கல் வேறிடத்தில்.
ஒரே இடத்தில் கூடியிருந்த புள்ளிகளை விட்டு
ஏழெட்டு மட்டும் வலப்பக்கம் வெகுதூரம் போய்
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல நின்றன.
தவமலரின் தாளிலும்
அதே ஆட்கள், அதே ஹோல்ட்டில்.

அண்ணன் தனராஜ் தன் தாளைத் தானே நீட்டினான்.
எங்களைவிட மெதுவானவன்.
ஆனால் கவ்வாத்து வெட்டிய மலை மாதிரி
எல்லாம் ஒரே மட்டம்.
அன்று முழுக்க அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்போ இது ரத்தத்தில் வந்ததா மிஸ்?"

ஒரு பங்கு அப்படித்தான் போல, என்றார்.
நிறைய இரட்டையர்களைச் சேர்த்துப் பார்த்தால்
இந்தச் சிதறலில் கொஞ்சம் பிறப்போடு வருகிறது.
ஒரு ஜீன் இல்லை, எத்தனையோ, ஒவ்வொன்றும் கடுகளவு.
மிச்சம் தூக்கம், பசி, மனக்கவலை.
அதுவும் கூட்டத்துக்குச் சொல்லும் கணக்கு.
யோகமலருக்கு எவ்வளவு என்று கேட்டால்
என்னிடம் பதில் இல்லை.

எனக்கு அழுகை வந்தது, ஏனென்று தெரியாமல்.
முப்பத்தாறு வருஷமாக
என் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கிடந்த ஒரு வசவை
யாரோ நகத்தால் சுரண்டிப் பார்த்தது போல.

தவமலர் அழவில்லை.
"தொடர்ந்து மூன்றாவது ஷிப்ட், மிஸ், அந்த ராத்திரி.
அதை எந்தப் புத்தகத்தில் எழுதினார்கள்?
ரோலருக்கு மூடி இல்லாமல் இருந்ததே,
அது யாருடைய ஜீன்?"

மிஸ்ஸின் பேனா நின்றது.
முந்நூற்றுப் பத்து மில்லி செக்கன் இல்லை,
அதைவிட நிறைய நேரம்.
பிறகு எதையோ எழுதினார்.
அட்டவணைக்கு வெளியே, ஓரத்தில்.

வீட்டுக்குத் திரும்பும்போது மூடுபனி.
தவமலர் பின்சீட்டில், கொண்டை கூரையில் இடிக்க.
எனக்கு அறுந்துபோகும் கணத்தில்
அவளுக்காவது அறாமல் இருக்குமா என்று
கணக்குப் போட்டு, விட்டுவிட்டேன்.
ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால்
ஆள் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஹோன் அடிக்கிறேன்,
கவனம் இருக்கிற நேரத்திலேயே
இல்லாத நேரத்துக்கும் சேர்த்து.

பனிக்குள்ளிருந்து யாரோ பதிலுக்கு அடித்தார்கள்.
இருவரும் ஒன்றாய்த் திரும்பிப் பார்த்தோம்,
கொஞ்சம் பிந்தி.