மைனஸ் முப்பத்தொன்றில் மழை

டீ இலை என்றால் தேயிலை இல்லை.
நீளமானது, வழவழப்பானது, பாவாடையாகக் கட்டுவது.
ஹிலோவிலிருந்து தங்கை விமானத்தில் அனுப்பியிருந்தாள்.
அடுப்படியில் வைத்தால் வாடும்,
கார் கொட்டகையில் வைத்தால் உறையும்.
வடக்கு டகோட்டாவின் ஜனவரியில்
அதற்கென்று கிடைத்த ஒரே தீவு
குளிர்பெட்டியின் நடுத்தட்டு,
பாலுக்கும் முட்டைக்கும் இடையில்.

நெடுஞ்சாலைத் துறையின் ஓய்வு விருந்து.
மைநாட் நகரின் பழைய படைவீரர் மண்டபம்.
சுவரில் நான்கு மான்தலைகள்;
ஒன்றின் கொம்பில் யாரோ
பிளாஸ்டிக் பூமாலை மாட்டியிருந்தார்கள்.
எங்களை வரவேற்கத்தான்.

கவேலோவின் ஸ்டீல் கிட்டார்
காரின் பின்பெட்டியில் நாற்பது மைல் விறைத்து வந்தது.
உடனே திறந்தால் மரம் வெடித்துவிடும்.
உறையோடு ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு
பிள்ளையைத் தூங்கவைத்தவன் போல
பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தான்.
பாஸ் வாசிக்கும் ஆர்னே கோதுமை விவசாயி,
கடலைப் பார்த்ததில்லை.
செம்பருத்திச் சட்டைக்குள் இரண்டு கம்பளி பனியன்.
நான் யுகுலேலே;
பகலில் விமானப்படைத் தளத்தின் சலவைக்கூடம்.
ஆடுகிறவள் நோஹெயா.
வெறுங்காலைச் சிமென்ட் தரையில் வைத்ததும்
எங்கள் மொழியில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
அன்றைய கடவுள் வாழ்த்து அதுதான்.

முதல் பாட்டை யாரும் கேட்கவில்லை.
கரண்டிகள் கேட்டன.
இரண்டாம் பாட்டில் ஒருவன்
"இடுப்பு! இடுப்பு!" என்று கத்தினான்.
இடுப்பு தாளத்தைப் பிடித்திருக்கும்,
கதையைக் கைதான் சொல்லும்:
எத்தனை மண்டபத்தில் சொல்லியாயிற்று.
நோஹெயா அன்றைக்குச் சொல்லவில்லை.

மூன்றாவதில் வழக்கம்போல்
கூட்டத்திலிருந்து ஒருவரை மேடைக்கு இழுத்தோம்.
சிரிக்கவைப்பதும் கூலியில் அடக்கம்.
ஓர்வில் டோக்ஸ்டாட்.
முப்பத்தாறு வருடம் பனி வாரும் வண்டி ஓட்டியவர்.
நண்பர்கள் மேசையைத் தட்டினார்கள்.

இது அலை, என்றாள். செய்தார்.
இது மலை. சமவெளிக்காரர்,
கொஞ்சம் தட்டையாகச் செய்தார்.
இது மழை.
விரல்கள் உயரத்திலிருந்து
நடுங்கி நடுங்கி இறங்கவேண்டும்.

கைகளைத் தூக்கினார்.
வலக்கையில் மூன்று விரல்தான்.

மேசைகள் ஓய்ந்தன.
எந்த இரவு, எந்தச் சாலை, எந்தக் கிழிந்த கையுறை,
அவர்களுக்குத் தெரிந்திருந்தது.
எங்களுக்குத் தெரியாது.
கவேலோ ஒரே ஸ்வரத்தை இழுத்துக்கொண்டு
அவளைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னாள்:
"மணிக்கட்டைத் தளர்த்துங்கள்.
இது அவசரமில்லாத மழை."

பெய்தது.
எட்டு விரலில்,
மான்தலைகளின் கீழே,
ஒரு பாட்டு முடிகிறவரை பெய்தது.
இடுப்பு கேட்டவன்
தட்டிலிருந்த உருளைக்கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே எங்கள் கார் இருமிவிட்டு நின்றது.
கேபிள் கொண்டுவந்து
பேட்டரிக்கு உயிர் கொடுத்தவரும் ஓர்வில்தான்.
பத்தே நிமிடத்தில் பின்னிருக்கையில்
டீ இலைப் பாவாடை கறுத்துவிட்டது.

நிற்கிற நேரத்தில் ஏதாவது பேசவேண்டுமே என்று
எங்கள் தீவுகளில்
மழைக்கெல்லாம் பெயர் உண்டு என்றேன்.
ஹிலோவில் பெய்வது கனிலெஹுவா.
மனோவாவில் பெய்வது துவாஹினே.
பள்ளத்தாக்கைத் தாண்டினால்
பெயரும் மாறிவிடும்.

கம்பத்து விளக்கின் குறுக்கே
பொடிப்பனி சாய்ந்து பறந்தது.
"இதற்கு என்ன பெயர்?"

கேபிளைச் சுருட்டியபடி
கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.
உண்மையிலேயே யோசித்தார்.

"வியாழக்கிழமை" என்றார்.