ஏழாம் கட்டில்

வெண்ணாற்று ஷட்டர் லஸ்கர் வைரக்கண்ணு,
நீடாமங்கலம் ஆஸ்பத்திரி.
காய்ச்சல் விட்டுவிட்டதாம், வீட்டுக்குப் போகணுமாம்.
பிளேட்லெட் இருபத்தோராயிரம் என்கிறது என் மெஷின்.

நாலு வருஷம் முன்னால் வந்த டெங்குவை
அவர் ரத்தம் மறக்கவில்லை.
அதே சாயலில் அதன் பங்காளி வந்தபோது
பழைய ஆன்டிபாடி
ஆள் தெரியாமல் கையைப் பிடித்துக்
காவல் செல்லுக்குள்ளேயே கூட்டிப்போய் விட்டது.
அங்கேதான் அது பெருகியது.

பிறகு எல்லாக் காவலும் ஒரே நேரத்தில் கூச்சல்.
அந்தக் கூச்சலில்தான்
ரத்தக்குழாய்க் கரை கசிகிறது.

"தண்ணி எங்கம்மா போவுது?"
உப்பிய வயிற்றைத் தொட்டுக் கேட்டார்,
முறைத்தண்ணீர்க் கணக்கு எழுதிய விரலால்.
"கடைமடைக்குப் போகல" என்றேன்.

சிரிக்கவில்லை.
சலைன் சொட்டை அண்ணாந்து பார்த்து,
"ஒரேயடியாத் தொறந்துடாதீங்க" என்றார்.