மிட்மார் அணை, ஆடி

காலை ஏழு மணி.
கரையோரக் கம்பத்தில் மூன்று டிகிரி.
பைக்கில் இரண்டு கிலோமீட்டர் போனால்
மாட்டுப்பண்ணைத் தாழ்வில் இன்னொரு கம்பம்:
மைனஸ் நாலு.
ஒரே ஹோவிக், ஒரே விடியல்.
பதிவேட்டில் ‘இன்றைய குளிர்’ என்று
ஒரு கட்டம்தான் இருக்கிறது.

தைப்பனி தரையைத் துளைக்குமாம்.
இங்கே அந்த வேலையை ஆடி பார்க்கிறது.
பூட்ஸின் கீழ் புல் நொறுங்குகிறது,
அப்பளம் மாதிரி.
குழாய் எட்டரை வரை ஊமை.

ஏரி மட்டும் ஆவி விட்டுக்கொண்டு.
டிசம்பரில் கடன் வாங்கிய வெயிலை
இன்னும் தவணையில் கட்டுகிறது,
கரையோரத்தாருக்கு மட்டும்.
கோகிலத்தின் முட்டைக்கோஸ்
தண்ணீரிலிருந்து நூறடி: பச்சை.
அவள் தம்பி தவனேசனுடையது
மேட்டைத் தாண்டி: வெந்த கீரை.

சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தார்கள்.
நாடா பிடித்தது நான்.
‘ஒரு அங்குலம் கூடக்குறைய இல்லை’ என்றேன்.
அங்குலம் சரிதான்.

பதினொன்றுக்கு மலையிலிருந்து பெர்க் காற்று இறங்கியது.
அடுப்பைத் திறந்தாற்போல்.
உதடு வெடித்தது,
யாருடைய தகரக் கூரையோ புரண்டு போனது.
அம்மி வைத்திருப்பவர்கள் இங்கே யாரும் இல்லை.
பன்னிரண்டுக்கு இருபத்தாறு டிகிரி.
தொக்கோசீலே ஸ்வெட்டரைக் கழற்றிக்
கம்பத்தில் மாட்டினாள்:
‘உன் கருவிக்குப் பைத்தியம்.’
‘பொறு’ என்றேன். பாரமானி சரிந்துகொண்டிருந்தது.

மூன்றுக்கு, தெற்கிலிருந்து.
ஏரி ஈயமானது.
ஐந்துக்கு அவள் என் கோட்டையும் கேட்டாள்.
இன்ஹ்லோசானே குன்றின் தலையில்
இருட்டும் முன்பே வெள்ளை.

தவனேசன் வந்து வாசலில் நின்றான்.
‘ராத்திரி எப்படி?’
‘மேகம் மூடியிருக்கு. உறையாது.
அவளுக்கும் உனக்கும் ஒரே குளிர்.’
‘நாளைக்கு?’
‘வானம் தெளியும்.’
அவன் எதுவும் சொல்லவில்லை.
நாற்றுத்தட்டு வைக்கக்
கரையில் அவளிடம் இடம் இருக்கிறது என்றேன்.
காதில் விழாதவன்போல்
பாக்கெட்டில் லைட்டரைத் தேடினான்.
அவன் சிகரெட் விட்டு நாலு வருஷம்.

அவன் போன பிறகு
அந்த ஒற்றைக் கட்டத்தில்
இரண்டு எண்களையும் நெருக்கி எழுதினேன்.
நடுவே ஒரு கோடு போட்டேன்.
வேலி மாதிரி இருந்தது. அழித்தேன்.
இப்போது படிக்கக் குழப்பமாக இருக்கிறது.
மேலிடம் கேட்டால்
சொல்லிக்கொள்ளலாம்.