பத்து மதிப்பெண் வினா

மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய், என் கடை.
என் கடை என்றால் முதலாளி கடை.
மெஷினின் சூடு மட்டும் என்னுடையது.

நேற்று ஜெனிட்டா வந்தாள்,
செமஸ்டருக்கு முந்தின நாள் முகத்தோடு.
இரண்டு சிறுகதை, ஏழு பேருக்கு ஏழு பிரதி.
டிபன் வாங்கி வருகிறேன் என்று போனாள்.
ஐந்தாவதில் கரண்ட் போனது.
திரும்ப வந்த வேகத்தில்
மின்விசிறி தாள்களைத் தரையெங்கும் வீசியது.
பொறுக்கி அடுக்கியதில்
முதல் கதையின் கடைசிப் பக்கம் இரண்டாவதற்கும்
இரண்டாவதுடையது முதலாவதற்கும் போய்விட்டன.

சரிபார்க்கத்தான் படித்தேன்.

ஒன்றில் பக்கிரி, பன்னிரண்டு வயது.
நெல் கொள்முதல் நிலையத்து வாசலில்
மூன்று ராத்திரி அப்பாவோடு தார்ப்பாய்க்கடியில்.
நாலாம் நாள் கருவி
ஈரப்பதம் பத்தொன்பது என்கிறது.
அப்பாவுக்கு மகன் வயதுள்ள எழுத்தர்
"என்னய்யா இது, நெல்லா நாத்தங்காலா?" என்கிறான்.
சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள்.

(பக்கம் திருப்ப வேண்டும்)

அப்பாவும் சிரிக்கிறார்.
நண்டு வளையில் கால் இடறினாலே
ஊர் கேட்கத் திட்டுகிற மனுசன்.
பக்கிரி அந்தச் சிரிப்பில்
பல் எத்தனை தெரிகிறது என்று எண்ணுகிறான்.
அவ்வளவுதான் கதை.

மற்றதில் நஜ்முன்னிசா, கூத்தாநல்லூர்.
பக்கத்து வீட்டு மைமூன் மாமிக்கு
மலேசியாக் கடிதங்களைப் படித்துக் காட்டுகிறவள்.
"இனி என்னை எதிர்பார்க்க வேண்டாம்" என்றிருப்பதை
"பெருநாளைக்கு வருகிறேன்" என்று படிக்கிறாள்.
குரல் நடுங்கவில்லை.
அதில் கொஞ்சம் பெருமைகூட.

(பக்கம்)

"எங்கே, இன்னொரு தரம் படி" என்கிறார் மாமி.
படிக்கிறாள்.
பெருநாள் இந்தமுறை பெருநாளைக்குப் பிறகு ஆகிவிடுகிறது.
மாமி முறத்தை நகர்த்திவிட்டுச் சொல்கிறார்:
"முதல்ல படிச்சதே நல்லாருந்துச்சு."

இருவரும் பெற்ற தெளிவை ஒப்பிடுக.
அறியாமையிலிருந்து அறிவுக்குச் செல்கின்றனர் என்கிறது
ஜெனிட்டாவின் கைடு,
கொரடாச்சேரியில் ஏறி
நீடாமங்கலத்தில் இறங்கினது மாதிரி.

எனக்கென்னவோ
அவன் கண்டுபிடித்தான்,
அவள் கண்டுபிடிக்கப்பட்டாள்.
அவன் கோபப்படலாம்,
வேடிக்கை பார்த்து நின்றவனுக்கு அது கட்டுப்படியாகும்.
அவள் யார்மேல் கோபப்படுவாள்?
பொய் அவள் வாயில்தான் இருந்தது.
அதைத் தெரிந்தே ஒருத்தி
உப்புக்கூடக் கேட்காமல் சாப்பிட்டிருக்கிறாள்.

மாறிக்கிடந்த பிரதியில் இன்னொன்று நடந்தது.
எழுத்தர் நக்கலடித்து முடிக்க
"எங்கே, இன்னொரு தரம் படி" என்கிறது ஒரு குரல்.
நஜ்மு "பெருநாளைக்கு வருகிறேன்" என்று படித்ததும்
அப்பாவும் சிரிக்கிறார்.

அங்கேதான் கையை எடுத்துவிட்டேன்.

ப்ளஸ் டூ பாதியில் டி.சி. கேட்டு எழுதின மனுவில்
அப்பா கையெழுத்தை நான்தான் போட்டேன்.
கோ-வுக்கு அவர் வைக்கிற கொக்கிகூடப் பிசகாமல்.
ஆபீஸில் வாங்கினவர் மனுவைப் பார்த்தார்,
என் விரலில் மையைப் பார்த்தார்,
சீல் குத்தினார்.
ராத்திரி அப்பா எதுவும் கேட்கவில்லை.
குழம்பு நல்லாருக்கு என்றார்.
வைத்தது அம்மா.
என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஒன்பது வருஷமாக
அவருக்குத் தெரியாது என்றே வைத்திருந்தேன்.

ஆறு பிரதிகளைச் சரியாக அடுக்கினேன்.
ஐந்தாவதை மட்டும்
அப்படியே ஸ்டேப்ளர் அடித்து நடுவில் செருகினேன்.

ஜெனிட்டா எச்சில் தொட்டு எண்ணினாள்.
"எல்லாம் சரியா இருக்காக்கா?"
"பக்கம் சரியா இருக்கு" என்றேன்.

குரல் நடுங்கவில்லை.